சேமக்காலையடிக் குழாய்

சென்ற மாதம் நீர் வழங்கல் பொறியியலாளர்களான உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னை அழைத்திருந்தீர்கள். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு தங்கை எழுந்து, "சேர், நீங்கள் சேவையிலை இருந்த காலத்திலை செய்ததுகளிலை இண்டைக்கும் நிண்டு பிடிக்கிறது எது?" என்று கேட்டார். நான் அதிகம் யோசிக்காமல் ஒரு தண்ணீர்த் தாங்கியைச் சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். தாங்கி நிற்கிறது என்பது உண்மைதான். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது அந்தக் கேள்வியும் என்னோடு பஸ்ஸில் வந்தது. அந்த ஊரில் என்னுடையதாக இன்னும் நிற்பது வேறொன்று. அதைச் சபையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். அரியாலைக் கரையில் நின்று பரவைக்கடலைப் பார்த்தால் தூரத்தில் பனை வரிசையாகத் தெரிகிற ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்தபோது அங்கே கிணறுகள் எல்லாம் உவர்த்துப் போயிருந்தன. தேத்தண்ணீருக்குப் பால் விட்டால் திரையும். அந்த நிலையில்தான் நாங்கள் கோயிலடியில் தாங்கி கட்டினோம். அங்கிருந்து ஒரே ஒரு குழாய்வழி. அது சேமக்காலை இருக்கிற மணல் மேட்டில் ஏறி, மறுபக்கம் கரையை நோக்கி இறங்கி, அங்குள்ள வீட்டுக் குழாய்களுக்குப் போகும். கல்லறைகள் இருக்கிற காணியை அவர்கள் சேமக்காலை என்றுதான் சொல்வார்கள். அதன் வாசல் படலையடியில் ஒரு பொதுக்குழாய் வைத்தோம்.

மேடு என்பதால் அங்கே தண்ணீர் மெலிந்துதான் வரும். வேகம் கூடட்டும் என்று சனம் குழாயடியில் ஒரு குழி தோண்டி, குழாயின் வாயை நில மட்டத்துக்குக் கீழே இறக்கி, குழியைச் சுற்றிச் சீமெந்தும் பூசிவிட்டார்கள். குடத்தைக் குழிக்குள் இறக்கித்தான் நிரப்ப வேண்டும். குழாயின் கைபிடி சில மாதங்களிலேயே கழன்று போனது. புதுக் கைபிடி போடுவது யாருடைய வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே அந்த வாய் எப்போதும் திறந்தே கிடந்தது. நான் இதையெல்லாம் கண்டேன். கண்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போனேன்.

ஊரில் ஒரு நீர்க்குழு அமைத்தோம். திரேசம்மா என்ற பெண் தலைவி. அறுபது வயதை நெருங்கியவர், கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர், வாய்க்காரி. அவருடைய மூத்த மகனின் மனைவி ஜெனிற்றா செயலாளர். முன்பள்ளி ஆசிரியை. இந்த இருவரும் ஒரே வீட்டில், சேமக்காலை மேட்டிலிருந்து கரைப்பக்கம் இறங்கும் வழியில் முதல் வீட்டில் இருந்தார்கள். கட்டணம் சேர்ப்பதும் குழாயடிகளைக் கூட்டுவதும் கூட்டம் வைப்பதும் குழுவின் வேலை. தாங்கியடி வால்வை எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது என்பதை மட்டும் எங்கள் அலுவலகம், கந்தோர், தன் கையில் வைத்திருந்தது. கந்தோர் என்றால் நான். விளக்குமாற்றை அவர்களிடம் கொடுத்துவிட்டுத் திறப்பை, அதாவது சாவியை, நாங்கள் வைத்துக்கொண்டோம். அதற்கு மக்கள் பங்களிப்பு என்று பெயர் வைத்து அறிக்கை எழுதினோம்.

காலையில் கொஞ்ச நேரம், பின்னேரம் கொஞ்ச நேரம் தண்ணீர் என்று நான் நேரம் வகுத்தேன். கூட இறைத்தால் மூலக்கிணறும் உவர்க்கும், மின்சாரச் செலவைக் குழுவால் தாங்க முடியாது. இரண்டும் பொய்க் காரணங்கள் அல்ல. திட்டம் நீடித்து நிற்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினேன். நீடித்து நிற்பது என்றால் என்ன என்பதில்தான் பிழை விட்டேன்.

வால்வைப் பூட்டியதும், குழாயில் மிஞ்சியிருக்கிற தண்ணீர் கரைப்பக்கத்து வீடுகளுக்கு வடியும். வடியும்போது மேட்டிலுள்ள திறந்த குழாய் காற்றை உள்ளே இழுக்கும். உங்களுக்கு இது முதலாம் வருடப் பாடம். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? முதலில் ஒரு மெல்லிய சீழ்க்கை. பிறகு அது நின்று, நெஞ்சை நிரப்பி எடுக்கிற ஒரு நீண்ட மூச்சு. இடையில் ஒரு விக்கல். மறுபடி மூச்சு. இதெல்லாம் இரவில் அல்ல, காலை வெயில் ஏறி, பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிற நேரத்தில், வெள்ளை அடித்த கல்லறைகளின் பக்கமிருந்து வரும்.

ஒரு கூட்டத்தில் திரேசம்மா எழுந்தார்.

"சேர், ஒரு கதை கிடக்கு. சிரிக்கக்கூடாது."

"சொல்லுங்கோ அம்மா."

"சேமக்காலையடிக் குழாய் மூச்செடுக்குது."

பின்னாலிருந்த ஒரு பெரியவர், "குறட்டை விடேல்லைத்தானே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

திரேசம்மா திரும்பிப் பார்த்தார். "ஏன், உம்மடை வீட்டிலை கேக்கிறது காணாதோ?" சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்பினார். "பகிடி இல்லைச் சேர். கனநேரம் தண்ணிக்குள்ளை கிடந்திட்டு மேலை வாறவன் எடுக்கிற மூச்சு அது. ஆற்றை மூச்செண்டும் எனக்குத் தெரியும்."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அவருடைய இளைய மகன் கடலட்டை பிடிக்கச் சுழியோடப் போய்த் திரும்பாதவன். உடல் கிடைக்கவில்லை. சேமக்காலையில் அவனுக்கு ஒரு சிலுவை நட்டிருந்தார்கள். அதன் கீழே மணல்தான்.

"நான் பெரிசா ஒண்டும் கேக்கேல்லை," என்றார் திரேசம்மா. "வால்வை முழுக்கப் பூட்டாமல் கொஞ்சம் கசிய விடச் சொல்லுங்கோ. தண்ணி ஓடிக்கொண்டு கிடந்தால் அவனுக்கு மூச்சுத் திணறாது."

இங்கே என் முதல் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் அல்ல. வேலையில் கெட்டிக்காரர். நான் சேர்ந்த புதிதில் முறைப்பாட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுதப் பழக்கியவர் அவர்தான். "நல்ல பதில் எண்டால், அதுக்குப் பிறகு ரெண்டாவது கடிதம் வரக்கூடாது, தம்பி," என்பார். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். இரண்டாவது கடிதம் வராமல் பதில் சொல்வதில் எனக்கு மாவட்டத்திலேயே நல்ல பெயர் இருந்தது.

அன்றும் நல்ல பதில் சொன்னேன். முன்பள்ளிக் கரும்பலகையில் மேட்டையும் பள்ளத்தையும் கீறி, தண்ணீர் ஏன் வடிகிறது, காற்று ஏன் உள்ளே போகிறது என்று விளங்கப்படுத்தினேன். நான் புரட்டஸ்தாந்து மிஷன் பள்ளியில் படித்த வீட்டுப் பிள்ளை. ஆத்துமாக்களுக்கு மெழுகுதிரி கொளுத்துவது எங்கள் வழக்கம் அல்ல. அந்தப் பெருமையும் என் குரலில் இருந்திருக்கும். ஜெனிற்றா முன்வரிசையிலிருந்து தலையாட்டிக்கொண்டே கேட்டாள். மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். வால்வைக் கசிய விடும் கேள்வி அங்கேயே முடிந்தது. திரேசம்மா கேட்டது சரியான பரிகாரம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் சொன்ன காரணம் எனக்குப் பிழையாக இருந்தது. அதற்காகக் கேட்டதையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன்.

நவம்பர், எங்கள் கார்த்திகை, பிறந்தது. மழை தொடங்கியது. எங்கள் திட்டத்தை நீடித்து நிற்கும் திட்டங்களுக்கு மாதிரியாகக் காட்டக் கொழும்பிலிருந்து ஆட்களை அழைத்து வருகிறோம் என்று மேலிடத்திலிருந்து செய்தி வந்தது. அதற்கு முதல் நாள் ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு வரப் போனேன்.

சேமக்காலை முழுவதும் செவ்வந்திப் பூ. இறந்தோரை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாள் கழிந்து சில நாட்கள்தான். மழையில் ஊறிய இதழ்கள் வழியெல்லாம் கிடந்தன. குழாயடிக் குழியில் மழைத் தண்ணீர், குழாயின் வாய்க்கு விரலளவு கீழே நின்றது. பக்கத்து வீடுகளின் மலசலகூடக் குழிகளும் அந்த மழையில் நிரம்பித்தான் இருந்திருக்கும். அந்த வாசம் வந்தது. குழாயின் வாயை யாரோ அடைத்திருந்தார்கள். வலையில் கட்டுகிற மிதப்புக் கட்டையைச் சீவி, வாய்க்குள் இறுக்கி, மேலே மெழுகை உருக்கி ஊற்றி, நைலோன் நூலால் வரிந்து கட்டி, அந்த நூலில் குருத்தோலைச் சிலுவை ஒன்றையும் செருகியிருந்தார்கள். சுற்றிவர மெழுகுதிரிக் கட்டைகள்.

"ஆர் உதைச் செய்தது?" என்று கேட்டேன்.

"நான்தான்," என்றார் திரேசம்மா. "இது ஆத்துமாக்களின்ரை மாசம். வீட்டிலை ஒருத்தி பிள்ளைத்தாச்சியாய் இருக்கிறாள். மூச்சுக்குத் தவிக்கிற ஒண்டு பக்கத்திலை கிடந்தால், வயித்திலை கிடக்கிறதின்ரை மூச்சை இழுத்துப்போடும்."

"உங்கடை மகனெண்டெல்லோ அண்டைக்குச் சொன்னியள்?"

"ஓம். என்ரை பிள்ளைதான்." அவர் என்னைப் பார்க்கவில்லை, அடைத்த வாயைப் பார்த்தார். "அதாலைதான் என்ரை கையாலையே அடைச்சனான். வேறை ஒருத்தரையும் தொட விடேல்லை."

அந்தப் பதில் என்னை நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு தாய் தன் பிள்ளையின் வாயைத் தானே அடைக்கிறாள் என்றால், எதற்கோ அவ்வளவு பயந்திருக்கிறாள். எதற்கு என்று நான் கேட்டிருக்கலாம். குழியைக் குனிந்து பார்த்திருக்கலாம்.

ஜெனிற்றா ஐந்தாறு மாத வயிற்றோடு, குடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமிக்குச் சொல்லி நான் அலுத்துப்போனன் சேர். நீங்களே சொல்லுங்கோ."

"நாளைக்குக் கொழும்பு ஆக்கள் வருகினம் அம்மா. இதைக் கண்டால் என்ன நினைப்பினம்?" என்றேன். என் உண்மையான காரணம் அதுதான்.

ஜெனிற்றா முன்பள்ளிப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினாள். தண்ணீர் வருகிற நேரம். அழுத்தத்தில் கட்டை தானாகவே தெறித்து விழுந்தது. நான் எல்லோருக்கும் முன்னால் கையில் ஏந்திக் குடித்துக் காட்டினேன். நல்ல தண்ணீர். ஜெனிற்றாவும் ஏந்திக் குடித்தாள். "பாருங்கோ மாமி, எனக்கு ஒண்டும் நடக்கேல்லை." திரேசம்மா விழுந்த மிதப்பை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

சிறிது நேரத்தில், தாங்கியடியில் எங்கள் கந்தோர் வேலைக்கு வைத்திருந்த பாலன் வால்வைப் பூட்டினான். தண்ணீர் நூலாகி நின்றது. சீழ்க்கை வந்தது. பிறகு அந்த மூச்சு. திரேசம்மா சிலுவை போட்டுக்கொண்டார். "வெறும் காத்து," என்று சொல்லி என் உள்ளங்கையைக் குழாயின் வாயில் வைத்தேன். வைத்ததும் அது கையைப் பிடித்தது. குளிர்ந்த உதடு ஒன்று தோலைக் கவ்வி உள்ளே இழுப்பதுபோல இருந்தது. கையைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தேன். இழுத்ததைச் சொல்லவில்லை.

வந்தவர்கள் மறுநாள் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். மழை பலத்தது. ஒரு நாள் கந்தோரில் தேத்தண்ணீர் நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"சேர், நான் ஜெனிற்றா. பகிடி எண்டு நினைக்காதேங்கோ. குழாய் இப்ப மூச்செடுக்கேல்லை."

"நல்லதுதானே, பிள்ளை."

"இல்லைச் சேர். இப்ப தண்ணி குடிக்குது."

"என்ன?"

"குழி நிரம்பிக் குழாயின்ரை வாயும் தாண்டிட்டுது. வால்வு பூட்டின உடனை குழித்தண்ணி குறையுது. நான் நிண்டு பாத்தனான். பின்னேரம் எங்கடை வாளியிலை ஒரு செவ்வந்தி இதழ் வந்தது. சேமக்காலையிலை போடுற பூ, சேர்."

"காத்துக்குப் பறந்து விழுந்திருக்கும்."

"வாளி மூடிக் கிடந்தது."

பக்கத்து மேசைக்காரர் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, "குடிச்சால் குடிச்சிட்டுப் போகட்டும் பிள்ளை. அதுக்கு நாங்கள் பில் அனுப்பமாட்டம்," என்றேன்.

மேசைக்காரர் சிரித்தார். ஜெனிற்றாவும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி. "சரி சேர். நீங்கள் சொன்னால் சரிதான்," என்று வைத்துவிட்டாள்.

இதை நான் எத்தனையோ முறை திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அவள் ஆத்துமாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நின்று பார்த்ததைச் சொன்னாள். ஒரு பொறியியலாளன் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்காமலே கொடுத்தாள். ஆனால் அந்தக் குழாயைப் பற்றி வருவது எதுவானாலும் அதை ஆத்துமாக் கதைகளோடு சேர்த்து வைக்க என் மனம் பழகியிருந்தது. நான் அவளுக்கு விளக்கம் கொடுத்திருந்தேன். அந்த விளக்கத்தை நம்பியவர்களில் முதல் ஆள் அவள். என்னை நம்பித்தான் அந்த வாளித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது அழைப்பு வரவில்லை.

கிறிஸ்து பிறப்பான நத்தார் கழிந்து பனி இறங்கிய நாட்களில், கண்ணும் தோலும் மஞ்சளாகிற செங்கமாரி ஊரில் பரவியது. மேட்டுக்கு இந்தப் பக்கம், கோயிலடி வீடுகளில் ஒருவருக்கும் இல்லை. கரைப்பக்கம் இறங்கும் வீடுகளில்தான். பெரியவர்கள், பிள்ளைகள் என்று பலர் படுத்து எழும்பிவிட்டார்கள். ஜெனிற்றா எழும்பவில்லை. கர்ப்பிணிகளை அந்த வகைச் செங்கமாரி எளிதில் விடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். பிள்ளையும் தப்பவில்லை.

செத்தவீட்டுக்குப் போனேன். பெட்டியை மேட்டுக்குக் கொண்டுவந்தபோது காலை வெயில் ஏறியிருந்தது. படலையடியில் சனம் நெருங்கி, பெட்டி சற்றே தரித்தது. சுவாமியார் செபத்தை நிறுத்தி வழிவிடச் சொன்னார். அந்த அமைதியில் குழாய்ப் பக்கமிருந்து ஒரு சத்தம். மூச்சு அல்ல. மிடறு விழுங்குகிற சத்தம்.

நான் குழியைப் பார்த்தேன். பெட்டியிலிருந்து உதிர்ந்த பூவிதழ்கள் தண்ணீரில் மிதந்தன. அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலத் தொடங்கின. சுழன்று, குழாய் இருந்த இடத்துக்கு நேரே வந்து, கீழே போயின. தண்ணீர் மெல்ல இறங்கியது. சீமெந்தில் ஈரக் கோடு ஒன்று தெரிந்தது. பிறகு குழாயின் வாய் வெளியே வந்தது. வந்ததும் ஒரு பெருமூச்சு எடுத்தது. பெண்கள் ஓலமிட்டார்கள். அங்கே நின்றவர்களில் அது என்ன என்று விளங்கியவன் நான் ஒருவன்தான். கரைப்பக்கத்து ஒவ்வொரு வாளிக்குள்ளும் பின்னேரம் முதலில் விழுவது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. படலையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாட்களில் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக விசாரித்தார். கரைப்பக்கத்தில் ஒரு பழைய கிணறு உண்டு. ஏனம் கழுவச் சிலர் அதைப் பாவித்தார்கள். கிணற்றால் வந்திருக்கலாம் என்று அவர் நினைத்தார். "உங்கடை லைனிலை பிழை இருக்க ஏலாதுதானே சேர்?" என்று என்னிடம் கேட்டார். நேரடியான கேள்வி. நான், "கிணத்தைப் பூட்டுவம்," என்றேன். பொய் சொல்லவில்லை என்று அன்றிரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் என்னை இன்றுவரை விடாதது அந்தப் பதில் அல்ல. நான் விடைபெறப் போனபோது திரேசம்மா என் இரண்டு கைகளையும் பிடித்தார். "உங்களிலை பிழை இல்லைச் சேர். உங்களுக்கு உதுகளிலை நம்பிக்கை இல்லை, திறந்தியள். தெரிஞ்ச நான் விட்டனே. அவன் மூச்சுக்கு அழுதான், நான் வாயை அடைச்சன். அந்தக் கோவத்திலை ரெண்டு உயிரைக் கொண்டு போட்டான்."

நான் வாயைத் திறக்கவில்லை. ஆத்துமாவை நம்பாதவன், கரும்பலகையில் படம் கீறி அதை விரட்டியவன், என் தலை தப்ப வேண்டிய நேரத்தில் அதே ஆத்துமாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

பிறகு செய்ய வேண்டியதைச் சத்தமில்லாமல் செய்தேன். குழியை மூடுவித்தேன். குழாயை உயர்த்திப் புதுக் கைபிடி போடுவித்தேன். வழி முழுவதும் குளோரின் விட்டுக் கழுவினோம். செங்கமாரி நின்றது. வால்வு நேரத்தை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் ஏன் என்று எழுத வேண்டும். திறப்பைக் குழுவிடம் கொடுத்தால் ஏன் இவ்வளவு காலம் கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். கைபிடி மறுபடி கழன்றால் யார் போடுவது என்பதையும் தீர்மானிக்கவில்லை. அந்தத் திட்டத்துக்குப் பரிசு கிடைத்தது. நான் பதவி உயர்வு பெற்று, ஓய்வும் பெற்றேன்.

உங்கள் வகுப்புக்குப் பிறகுதான் அங்கே போனேன். இதுவும் கார்த்திகை மாதம். தாங்கிக்குப் புதிதாக வர்ணம் பூசியிருக்கிறார்கள். சேமக்காலையடியில் கைபிடி இல்லை. குழி மறுபடி தோண்டியிருக்கிறது. குழாயின் வாயில் ஒரு மிதப்புக் கட்டை, மெழுகு, நூல். திரேசம்மாவுக்கு இப்போது கண் மங்கல். என் குரலை வைத்து அடையாளம் கண்டு கதிரை எடுத்துப் போடச் சொன்னார். நான் இருக்காமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குழித்தண்ணீர், மலக்குழி, ஜெனிற்றாவின் தொலைபேசி, நான் விட்ட பகிடி, பரிசோதகருக்குச் சொன்னது, திரேசம்மாவுக்குச் சொல்லாதது. முடித்ததும் ஏச்சை எதிர்பார்த்தேன்.

"அப்ப என்ரை பிள்ளை எடுக்கேல்லை," என்றார்.

"இல்லை, அம்மா."

"நீங்கள் அண்டைக்கே அறிவியள்."

"ஓம்."

"அவள் போன நாளிலையிருந்து அவன்ரை சிலுவைக்கு நான் ஒரு மெழுகுதிரி கொளுத்தேல்லைச் சேர். எல்லாருக்கும் கொளுத்துவன். அவனைக் கடந்து போவன்." அவருடைய குரல் உயரவில்லை. "ஒவ்வொரு வரியமும் அவன் பாத்துக்கொண்டு கிடந்திருப்பான், கொம்மா ஏன் நிக்காமல் போறா எண்டு."

உள்ளே போய் ஒரு மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டியும் எடுத்துக்கொண்டு வந்தார். கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டார். மேட்டில் ஏறும்போது தாங்கிப் பக்கம் தண்ணீர் நிறுத்துகிற நேரம். படலையடியில் நின்று காதைக் கொடுத்தார். மழையில் மெழுகு விட்டு, மிதப்பு தளர்ந்திருந்தது. மிடறு விழுங்குகிற சத்தம் தொடங்கியிருந்தது.

"கட்டை கழருது போலை. நான் வருமட்டும் உதைப் பொத்திப் பிடியுங்கோ," என்றார். "இந்த முறை கையை எடுக்கக்கூடாது."

அவர் தடவித் தடவிக் கல்லறைகளுக்குள்ளே போனார். நான் குழிக்குள் குனிந்து, தளர்ந்த மிதப்பை எடுத்துவிட்டு உள்ளங்கையை வைத்தேன். முழங்கை வரை குளிர்ந்த தண்ணீர், பூவிதழ்கள். அது பிடித்துக்கொண்டது. இழுத்தது. விக்கியது. மறுபடி இழுத்தது. கரைப்பக்கத்து வீடுகளில் யாரோ வாளி கழுவுகிற சத்தம் கேட்டது. ஒரு குழந்தையின் சிரிப்பும் கேட்டது. தூரத்தில் திரேசம்மா காற்றுக்கு அணைந்து அணைந்து போகிற நெருப்புக்குச்சிகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தார். நான் கையை எடுக்கவில்லை.

பின்வரிசைத் தங்கை கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். என்னுடையதாக அங்கே இன்னும் நிற்பது அந்த இழுப்பு. வால்வு நேரத்தை இன்றும் உங்கள் கந்தோர்தான் வகுக்கிறது. அதைக் கசிய விடுவதா, திறப்பைக் குழுவிடம் கொடுப்பதா, ஒரு கைபிடிக்கு யார் பொறுப்பு என்பதையெல்லாம் நீங்கள் இந்த வாரமே தீர்மானிக்கலாம். மழை இன்னும் விடவில்லை. கரைப்பக்கத்துச் சனத்துக்கும் அந்தக் குழிக்கும் நடுவில் இப்போது இருப்பது, கண் மங்கிய ஒரு பெண் அன்று திரும்பி வந்து மறுபடி மெழுகு பூசி இறுக்கிய ஒரு மிதப்புக் கட்டை மட்டும்தான்.